வரிசையின் வலது ஓரம்

1979 ஜூனில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து, 1984-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை இப்பள்ளியின் போர்டிங்கில் ஒன்றாய்ப் பாய் விரித்துப் படுத்த ஐந்து பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பேனா பிடித்தது ஒருத்தி. அடித்துத் திருத்தியது மற்ற நால்வரும். பழைய மாணவியர் ஆண்டு மலருக்கு எழுதினால் மாமரத்தையும் கோயில் மணியையும் நினைத்து உருகுவது வழக்கம். எங்களுக்கும் அவை மறந்துபோகவில்லை. ஆனால் நாங்கள் சொல்ல வந்தது ஒரு தலைவலியைப் பற்றி.

அந்தத் தலைவலி எங்களுடையதன்று. எங்கள் கூட்டத்தில் ஆறாவதாக இருந்த தோழியுடையது. அவளிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம்; பெயரை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்நாளில் நாங்கள் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததும் குறைவுதான். "அமிர்தாஞ்சன்" என்றே கூப்பிடுவோம்.

மாலை ஆறரைக்கு ஸ்டடி தொடங்கும். ஏழு மணிக்குள் அவள் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் தைலக் குப்பியை எடுத்துவிடுவாள். இரண்டு பொட்டிலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டு புத்தகத்தின் மேல் தலையைச் சாய்ப்பாள். ஸ்டடி பார்க்கும் சிஸ்டர் வந்து முதுகில் தட்டுவார்கள். எழுந்து உட்கார்வாள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் சாய்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்தத் தலைவலி வராது என்பதை நாங்கள் கவனித்து வைத்திருந்தோம். விடுமுறை நாளில் வராமல் பள்ளி நாளில் மட்டும் வருகிற தலைவலிக்கு என்ன பெயர்? "படிப்பு வலி" என்று தீர்ப்பு எழுதினோம். கவனித்தது சரி. தீர்ப்புத்தான் தவறு.

அவள் மேல் எங்களுக்கு வேறு மனத்தாங்கல்களும் இருந்தன. எங்களோடு நடந்தால் வரிசையின் வலது ஓரத்தில்தான் நடப்பாள். நடுவில் இழுத்து விட்டாலும் நாலடி போவதற்குள் நழுவி ஓரத்துக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு அறையிலும் பெஞ்சின் வலது முனைதான் வேண்டும். வேறு யாராவது முந்திக்கொண்டால் முகம் வாடிவிடும். "மகாராணிக்குத் தனி ஆசனம்" என்போம். மைதானத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒருத்தி கூப்பிட, மற்றவர்கள் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று கடலை மிட்டாய் பந்தயம் வைப்போம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அவள் முழங்காலிடும் விதமும் தனி. கழுத்தை முழுவதும் திருப்பி, கம்பித் தட்டியோடு இடது கன்னத்தை ஒட்டிக்கொள்வாள். காலை ஐந்து மணிக்கு அடிக்கும் மணிக்கு அவள் ஒரு நாளும் எழுந்ததில்லை. இடது பக்கமாய் ஒருக்களித்துப் படுத்து, நாங்கள் பாயைச் சுருட்டிய பின்பும் உறங்குவாள். யாராவது கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தனித்தனியே பார்த்தோம். சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை, பெரியவர்களுக்கும் தெரியவில்லை. விடுமுறைக்குப் போனால் அவள் அம்மா சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். பித்தம் என்று வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கண் டாக்டரிடம் காட்டினார்கள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். காதை யாரும் நினைக்கவில்லை. ஏன் நினைக்க வேண்டும்? கூப்பிட்டால்தான் அவளுக்குக் கேட்டதே! காது கேளாதவர்கள் என்றால், பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவேன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியில் கையால் பேசிக்கொள்ளும் பிள்ளைகள்தான் எங்கள் நினைவுக்கு வருவார்கள்.

1981 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்தோம். உயரப்படி இடம் பிரித்ததில் அவளுக்குக் கிடைத்தது இடது கோடியில், பின்பக்கம், ஜன்னலோர இடம். ஜன்னலுக்கு வெளியே பேருந்துச் சாலை. அந்த ஆண்டுதான் தலைவலி மிகவும் முற்றியது. சொல்வதெழுதுதலில் ஆசிரியை "பாலை" என்று சொன்னால் அவள் நோட்டில் "மாலை" என்று இருக்கும். "பணம்" மணமாகிவிடும், "படம்" மடமாகிவிடும். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று எண்ணி ஆசிரியை அவளை முழங்காலில் நிறுத்தினார்கள். பின் பெஞ்சில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள் என்பதுதான் இப்போது எங்களை அதிகம் உறுத்துகிறது.

1982-இல் பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண்ணோடு தேறினாள். பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான புதிய மேல்நிலைப் படிப்பு தமிழ்நாட்டில் தொடங்கி நாலாண்டே ஆகியிருந்த காலம் அது. நாங்கள் ஐவரும் பதினோராம் வகுப்பில் சேர்ந்தோம். அவள் வரவில்லை. "இந்தத் தலைவலிய வச்சுக்கிட்டு என்னத்தப் படிக்கப் போறா" என்று அவள் அப்பா சொன்னதாகக் கேள்விப்பட்டோம். ஒரு கடிதமும் நாங்கள் போடவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே தலைவலி எங்களில் ஒருத்திக்கு வந்தது.

அவளுக்கு வங்கியில் வேலை. 2020-இல் ஊரே அடங்கிக் கிடந்தபோதும் வங்கிகள் திறந்தே இருந்தன. கவுண்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம் முகக்கவசம் போட்ட வாடிக்கையாளர். தலைக்கு மேல் மின்விசிறி. மாலை வீட்டுக்கு வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்துவிடுவாள். பிடரியிலிருந்து நெற்றி வரை பட்டையாக இழுத்துக் கட்டியதுபோல் வலி. யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவாள். முகக்கவசத்தால் மூச்சு முட்டுகிறது என்று நினைத்தாள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், கண்ணாடியை இருமுறை மாற்றினார்கள். ஒன்றிலும் பிடிபடவில்லை.

2022-இல், எங்களில் இன்னொருத்தியின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்தவள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் சட்டென்று, "பெரியம்மா, நான் பேசும்போது நீங்க என் கண்ணைப் பார்க்கலை, வாயையே பார்க்கிறீங்க" என்றாள். மறுவாரமே பரிசோதனை. சத்தம் புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாய் அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கனத்த ஒலிகள் இரு காதிலும் நன்றாகவே கேட்டன. கீச்சு ஒலிகளுக்கு வந்தபோது வரைபடத்தின் கோடு படிக்கட்டுபோல் இறங்கிவிட்டது.

அந்தப் பெண் எங்களுக்குச் சொன்ன விளக்கம் தமிழ் வகுப்பில் சொல்லத் தக்கது. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சு ஒலிகளை. பேச்சில் உயிரெழுத்துகள் கனத்தவை, அவை கேட்கும். க், ச், ட், த், ப் போன்றவை மெல்லியவை, அவைதான் நழுவும். நம் முன்னோர் அவற்றுக்கு வல்லினம் என்று பெயர் வைத்தார்கள். கேள்வி குறைந்த காதுக்கோ அவைதான் எல்லாவற்றிலும் மெலிந்தவை! ஆகவே பேசுகிற சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. "கேட்கிறது, ஆனால் தெளிவாயில்லை" என்று முதியவர்கள் சொல்வது இதனால்தான்.

புரியாததை மூளை அப்படியே விட்டுவிடுவதில்லை. அன்புத் தங்கைகளே, தேர்வில் "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று பத்துக் கேள்வி வந்தாலே உங்களுக்குக் கை வலிக்கும். கேள்வி குறைந்தவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் கோடிட்ட இடம்தான். முன்பின் சொற்களைக் கொண்டும், பேசுகிறவரின் உதட்டைக் கொண்டும், பழைய நினைவைக் கொண்டும் அவர் நிரப்பிக்கொண்டே இருக்கிறார். முதல் வாக்கியத்தை நிரப்பி முடிப்பதற்குள் இரண்டாவது போய்விடுகிறது. காலை ஒன்பது மணி முதல் மாலை நாலு மணி வரை இந்தத் தேர்வை எழுதினால் களைக்காமல் என்ன செய்யும்?

இது வெறும் உவமை அன்று. 1966-இல் டேனியல் கானமன், ஜாக்சன் பீட்டி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். (கானமன் பின்னாளில், 2002-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.) சிலரைச் சில எண்களைக் கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு எண் ஏற ஏறக் கண்மணி விரிந்தது. ஒவ்வொன்றாய்ச் சொல்லி இறக்க இறக்கச் சுருங்கியது. மனம் சுமக்கும் பாரம் கண்ணில் தெரிந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆய்வாளர்கள் பிற்காலத்தில் இதே முறையைக் காதுக்குப் பயன்படுத்தினார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கப் போராடுபவரின் கண்மணியும் அப்படியே விரிவதை அளந்து காட்டினார்கள். இன்று இதற்குக் "கேட்கும் முயற்சி" என்றே தனிப்படிப்பு இருக்கிறது.

தலைவலி எங்கிருந்து வருகிறது என்றால், கேட்பதற்காக நாம் எப்படி உட்காருகிறோம் என்று பார்க்க வேண்டும். கழுத்தை முன்னால் நீட்டி, புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, இமைக்காமல் உதட்டைப் பார்த்தபடி ஏழு மணி நேரம். கழுத்துத் தசையும் நெற்றித் தசையும் இறுகிப்போகின்றன. மனக்களைப்பும் சேர்ந்துகொண்டால் வலி தானே வரும். எல்லாத் தலைவலிக்கும் காதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கண், பல், தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, இன்னும் பெரிய நோய்களும் உண்டு. மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் காதும் இருக்கட்டும். திடீரென ஒரு காது அடைத்து ஒலி கேளாமல் போனால் "சளி, சரியாய்ப் போகும்" என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதில் சில நாள் தாமதமும் கெடுதல்.

விளக்கம் கேட்டு முடிந்தபோது நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை வராத தலைவலி. "ஏட்டி, அவளுக்கும் இதுதானோ?" என்று கேட்டவள், நாற்பது ஆண்டுக்கு முன் "அமிர்தாஞ்சன்" என்று பெயர் வைத்தவள். காதுக் கருவி மாட்டப் போகிறவளும் அவளே.

தேடினோம். இரண்டு பேர் கை மாறி, மூன்றாவது கையில் முகவரி கிடைத்தது. 2023 ஆகஸ்டில் இப்பள்ளியின் பெரிய ஹாலில் நடந்த பழைய மாணவியர் சந்திப்புக்கு வந்தாள். நரைத்திருந்தாள், வேறு மாற்றமில்லை. நாங்கள் நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அவளோ வந்ததும் வராததுமாக வரிசையின் வலது ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மைக், கைதட்டல், மின்விசிறிகள், சிமெண்டுத் தரையில் மோதித் திரும்பும் எதிரொலி. "தலைய வலிக்குது, வெளிய வேப்பமரத்தடிக்குப் போவமா?" என்றாள். போனோம். அங்கேதான் எல்லாம் சொன்னாள்.

ஏழு வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். வழக்கப்படி கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு வைத்தார்கள். வீக்கம் வடிந்தது, காய்ச்சல் போயிற்று. வலது காதின் கேள்வியும் அதோடு போய்விட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது! 1998-இல் வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோது, இடது கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியை வலது காதில் வைத்திருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. போன் ரிப்பேர் என்று புகார் கொடுத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அதன் பிறகுதான் டாக்டர், பரிசோதனை எல்லாம். வலது காது முழுவதும் கேளாது. சிறு வயதில் வந்த அந்த நோயே காரணமாயிருக்கலாம் என்றார்கள். பொன்னுக்கு வீங்கி ஒரு காதை மட்டும் இப்படிப் பறித்துவிடுவது மருத்துவர்கள் அறிந்த ஒன்றே. இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. நாங்கள் சிறுமிகளாய் இருந்தபோது எங்கள் ஊர்களில் அதைக் கேள்விப்பட்டதில்லை.

ஒரு காது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அமைதியான அறையில் போதும். ஆனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரு காதும் வேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கவும் இரு காதும் வேண்டும். அவள் மைதானத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது இதனால். எங்களை இடப்பக்கம் வைத்துக்கொள்ளத்தான் வலது ஓரத்தில் நடந்தாள். நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்ததால் மணி கேட்கவில்லை. கன்னத்தைத் தட்டியில் வைத்தது சுவாமியின் சொல் கேட்க. இவற்றில் ஒன்றையும் அவள் தெரிந்து செய்யவில்லை, உடம்பே கற்றுக்கொண்டது.

பத்தாம் வகுப்பில் நடந்ததை மட்டும் எங்களால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. கேட்கும் காது பேருந்துச் சாலைக்கு, கேளாத காது ஆசிரியைக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் ஆறு டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் அறுபதாய் இருக்கும் பேச்சு நாலு மீட்டரில் நாற்பத்தெட்டு. எதிரொலி உள்ள அறையில் கணக்குச் சற்று மாறும். ஆனால் எதிரொலி சொற்களைக் குழப்பவும் செய்யும். இரைச்சலைவிட ஆசிரியரின் குரல் பதினைந்து டெசிபலாவது உயர்ந்திருந்தால்தான் கேள்வி குறைந்த பிள்ளைக்கு வகுப்பு விளங்கும் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. அந்த ஜன்னலோரத்தில் அது ஏது? அவள் ஆசிரியையின் உதட்டைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாலைக்கும் மாலைக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவில் பெஸ், தார்ப் என்ற இருவர், ஒரு காது மட்டும் கேளாத 60 பிள்ளைகளை ஆராய்ந்து 1984-இல் எழுதினார்கள். அவர்களில் 35 சதவீதம் பேர் ஒரு வகுப்பிலாவது தேறாமல் நின்றவர்கள். அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர் அவர்கள். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அதே ஆண்டு!

"வலிகூடப் பரவாயில்லைட்டி" என்றாள் வேப்பமரத்தடியில். "நீங்க எல்லாரும் சோம்பேறி, மக்குன்னு சொன்னீங்களா, நானும் அதை நம்பிட்டேன். அதான் மேல படிக்கணும்னு வீட்ல சண்டை போடல."

பெயர் வைத்தவள் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவி வந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தமாஷாக்கி எங்களைத் தப்பிக்க விட்டுவிடுவாள் என்று எங்களுக்குத் தெரியும்.

பின்பு பேச்சு கருவிகளுக்குத் திரும்பியது. வங்கிக்காரி தன் காதிலிருந்ததைக் கழற்றிக் காட்டினாள். மாட்டிய முதல் மாதம் தலைவலி குறையவில்லை, கூடியது என்று உண்மையைச் சொன்னாள். ஈயப் பாத்திரம் உரசுவதும் குழாய் சொட்டுவதும் செய்தித்தாள் மடிப்பதும் இடிபோல் கேட்டனவாம். மூளை பழகிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. இப்போது மாலையில் விளக்குப் போடுகிறாள். எங்கள் தோழிக்கோ முழுதும் செத்த காது. சாதாரணக் கருவியால் பயனில்லை. வலப்பக்க ஒலியை இடது காதுக்குக் கடத்தும் கருவி ஒன்று உண்டு. விலையைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஓர நாற்காலி போதும்" என்றாள். கல்யாண வீடு போன்ற இடங்களில் மணிக்கொரு தடவை கொல்லைப்புறம் போய்ப் பத்து நிமிடம் பேச்சில்லாமல் நின்றுவிட்டு வருவாளாம். அதுதான் அவளுடைய அமிர்தாஞ்சன்.

உலகில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கேள்விக்குறை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்குச் சொன்னது. அவ்வளவு பெரிய எண் எங்கள் மனதில் நிற்பதில்லை. இன்றைய பத்தாம் வகுப்பு அறையை எட்டிப் பார்த்தோம். அதே ஜன்னல், சாலையில் பேருந்துகள் அப்போதைவிட அதிகம். இடது கோடி, பின்பக்கம், ஒரு பெண்ணின் புத்தகப்பை கிடந்தது. தலைமைச் சகோதரியிடம் இதைச் சொன்னோம்; மாலையில் தலைவலி என்று வரும் பிள்ளைகளின் காதையும் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். இக்கட்டுரையை எழுதச் சொன்னதும் அவர்களே.

அன்று ஆறு மணிக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தெரு குறுகலானது. ஐந்து பேரும் அவளுக்கு இடப்பக்கமாக நடக்க இடம் போதவில்லை. மூவர் பக்கத்தில், இருவர் பின்னால். பின்னால் வந்தவர்கள் ஏதோ சொல்ல, அவள் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"பின்னால வாரவங்க பேசாம வாங்கட்டி. பஸ் ஸ்டாண்ட்ல போய்ப் பேசலாம்" என்றாள்.

பேசாமல் நடந்தோம்.